மூன்றாம் ஓலை

ஏப்ரல் 30, செவ்வாய்

காலில் மாவுக்கட்டு போட்ட பிறகு இன்றுதான் பேனாவைத் தொடுகிறேன். படுத்துக்கொண்டு எழுதினாலும் வரி நேராகவே வருகிறது.

கிணற்றடியில் வழுக்கி விழுந்தது என் கவனக்குறைவு அல்ல. துவைக்கிற கல்லைச் சுற்றிப் பாசி பிடித்திருக்கிறது, தேய்த்துவிடு என்று வீட்டோடு இருந்து வேலை செய்யும் தங்கபுஷ்பத்திடம் முன்பே சொல்லியிருந்தேன். தேய்த்ததாக அவள் சொல்கிறாள். தேய்த்திருந்தால் நான் ஏன் விழுகிறேன்?

கட்டிலை முன்னறைக்கு மாற்றிவிட்டார்கள். இங்கிருந்து ஜன்னல் வழியாகத் தெரிவது ஒரு மின்கம்பம், எதிர்வீட்டு மரியசெல்லத்தின் ஆட்டுக்கொட்டகையில் பாதி, கோயில் கோபுரத்தின் கீழ்ப்பகுதி. மேலே இருக்கும் சிலுவையைப் பார்க்க வேண்டுமானால் கன்னத்தை ஜன்னல் கம்பியோடு ஒட்ட வேண்டும். அது கௌரவமான காட்சி அல்ல என்பதால் நான் பார்ப்பதில்லை. கோயில் ஒலிபெருக்கியை அந்த மின்கம்பத்தில்தான் கட்டியிருக்கிறார்கள். பூசை முழுவதும் கட்டிலுக்கே வந்துவிடுகிறது.

நான் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக் கொடுத்த ஞானோபதேச வகுப்பில் அடித்த பித்தளைக் கைமணியைத் தங்கபுஷ்பம் எங்கிருந்தோ தேடி எடுத்துத் தலைமாட்டில் வைத்தாள்.

"தொண்டை வலிக்கக் கூப்பிடாண்டாம்மா. இத ஆட்டுங்க, ஓடி வந்திருதேன்."

ஆட்டினால் வருகிறாள். காலைக் காரியங்கள் எல்லாம் ஒழுங்காக முடிகின்றன. அவை எவை என்று எழுத வேண்டிய அவசியம் இல்லை.

மே 2, வியாழன்

வணக்கமாதம் தொடங்கிவிட்டது. மாதா சுரூபம் இந்த மாதம் முழுவதும் வீடு வீடாகப் போகும். அடுத்த புதன்கிழமை நம் வீட்டுக்கு வருகிறது. திரைச்சீலைகளைத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போடச் சொன்னேன்.

மரியசெல்லத்தின் கிடாய் கோயிலுக்குள் புகுந்து பீடத்துப் பூவைத் தின்றுவிட்டதாம். கீழத்தெருவில் புதிதாக வாஷிங் மெஷின் வாங்கியிருக்கிறார்கள். தண்ணீர் வரும் நேரத்தில் கரண்ட் வருவதில்லை, கரண்ட் வரும் நேரத்தில் தண்ணீர் வருவதில்லை என்பதால் அதற்குள் நெல் கொட்டி வைத்திருக்கிறார்களாம். இதையெல்லாம் தங்கபுஷ்பம் என் கால்விரல்களைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். ஊர்க்கதை எனக்குப் பிடிக்காது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறாள்.

பிறகு, "யம்மா, ஒங்ககிட்ட ஒரு காரியம் சொல்லணும்" என்று தொடங்கினாள்.

"முதல்ல பாலை இறக்கு. பொங்குற வாசனை வருது."

இறக்கிவிட்டு வந்தாள். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. முக்கியமான காரியமாக இருந்தால் சொல்லியிருப்பாள்.

மே 3, வெள்ளி

புனேயிலிருந்து மகன் ஜெரோம் போன் செய்தான். டவுனில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் இல்லத்தில் ஓர் அறை காலியாக இருக்கிறதாம். சுத்தமான இடம், தினமும் பூசை உண்டு, சேரும் நாளில் அவர்களே வேன் அனுப்புவார்கள் என்றான்.

"எனக்கு இங்கே என்ன குறை?"

"தங்கபுஷ்பம் அக்கா இருக்கிற வரைக்கும் குறை இல்லம்மா. அவங்க இல்லன்னா அன்னைக்கே வேன் வந்துரும். அத மட்டும் இப்பவே சொல்லிட்டேன்."

பெற்ற தாயிடம் பேசும் தொனி அல்ல அது. போனைத் தங்கபுஷ்பத்திடம் கொடுத்துவிட்டேன்.

மாலையில் சாலையோரம் ஒரு மொபெட் நின்றது. அதன்மேல் உட்கார்ந்திருந்தவனின் முதுகுதான் தெரிந்தது. தங்கபுஷ்பம் தண்ணீர் பிடிக்கக் குடத்தோடு போனவள் வெறும் குடத்தோடு திரும்பினாள்.

மே 5, ஞாயிறு

உபதேசியார் இன்னாசி இன்று பூசையில் கல்யாண ஓலை வாசித்தார். ஓலையை எப்படி வாசிக்க வேண்டும் என்று நான் அவருக்கே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்: பெயர், பெற்றோர் பெயர், ஊர், கடைசியில் "தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்." இதை மூன்று ஞாயிறு வாசித்து, யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் கல்யாணம். பெற்றோர் பெயரை விழுங்கக் கூடாது. இன்றும் விழுங்கினார்.

மாப்பிள்ளை கீழச்செவல் ஊரைச் சேர்ந்த வியாகப்பன், மனைவியை இழந்தவர். பெண் அடைக்கலவிளை தங்கபுஷ்பம், கணவரை இழந்தவர்.

அடைக்கலவிளையில் அந்தப் பெயரில் வேறு யாரும் இல்லை.

வெயில் அதிகம். கட்டுக்குள் ஊரல் எடுக்கிறது. பின்னல் ஊசியை உள்ளே விட்டுச் சொறிந்தேன்.

மே 6, திங்கள்

"நேத்து ஓலை கேட்டிருப்பிய" என்றாள் தங்கபுஷ்பம். கையில் துணி. தலை குனிந்திருந்தது.

"கேட்டேன். உன் அப்பா பெயரை இன்னாசி சரியாக வாசிக்கல."

"அது இல்லம்மா. நானே சொல்லணும்னுதான் இருந்தேன். எப்பிடிச் சொல்லன்னு தெரியல. அதுக்குள்ள கோயில் ரேடியோ சொல்லிட்டு."

"மாத்திரை நேரமாச்சு."

மாத்திரை கொடுத்தாள். தண்ணீர் கொடுத்தாள். "இன்னொண்ணும் சொல்லணும்மா" என்றாள். கண்களை மூடிக்கொண்டேன். பகலில் நான் தூங்குவது அவளுக்குத் தெரியும்.

வியாகப்பனை எனக்கும் தெரியும். தங்கபுஷ்பத்தின் கணவர் உயிரோடு இருந்தபோது அவருக்குக் கூட்டாளி. இன்று திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் அவள் மகனுக்கு ஞானஸ்நானத் தொட்டியருகே ஞானத்தகப்பனாக நின்றவன் அவன்தான். பிள்ளையைத் தலை சரியாக ஏந்தவில்லை என்று நான்தான் அவன் முழங்கையைத் தூக்கிவிட்டேன்.

பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக நிற்பவன் தாய்க்கு அண்ணன் முறை என்று இந்த ஊரில் எல்லோரும் நம்புகிறார்கள். கல்யாணம் கூடாது என்பார்கள். கன்னியர் பள்ளியில் ஒரு சிஸ்டர் எனக்கு அப்படிச் சொன்னார். நான் இங்கே மூன்று தலைமுறைக்கு அதையே சொல்லிக் கொடுத்தேன். திருச்சபையில் அப்படி ஒரு தடை இல்லை என்று பழைய ஆசிரியர்களையும் அழைத்திருந்த ஞானோபதேச ஆசிரியர் கூட்டத்தில் ஒரு பங்குத்தந்தை விளக்கினார். நான் கைதூக்கி இரண்டாம் முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். அதற்குள் நான் வகுப்பு எடுப்பதை நிறுத்திவிட்டிருந்தேன்.

மே 8, புதன்

மாதா வந்தாள். திரைச்சீலைகள் நன்றாக இருந்தன. என்னைச் சாய்த்து உட்கார வைத்து, தோளில் சால்வை போட்டார்கள். வீடு நிறைய ஜனம். செபமாலை முடிந்ததும் தங்கபுஷ்பம் சுண்டலும் பானகமும் எடுக்க அடுக்களைக்குப் போனாள். மரியசெல்லம் உடனே கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இதற்காகவே செபமாலையை வேகமாகச் சொல்லி முடித்தவள் அவள்.

"டீச்சரம்மா, ஒங்கட்ட ஒண்ணு கேக்கணும். அந்த வியாகப்பன் இவ மவனுக்கு ஞானத்தகப்பன்லா?"

"ஆமா."

"அப்பம் இவளுக்கு அண்ணன் முறைல்லா வருது? நீங்கல்லா எங்களுக்குச் சொல்லிக் குடுத்திய?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். மாதாவின் முன்னால் மெழுகுவர்த்தி கோணலாக எரிந்துகொண்டிருந்தது. யாராவது நிமிர்த்தி வைத்திருக்கலாம்.

"சொல்லிக் கொடுத்தேன்" என்றேன்.

"பாத்தியளா! நாஞ் சொன்னம்லா?" என்று அவள் மற்றவர்களைப் பார்த்தாள். "சின்னப் பிள்ளையில படிச்சது. எனக்கு மறக்கவேயில்ல."

"என்கிட்டதான் நீ அதிகம் அடி வாங்கினே" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் பொய் எதுவும் சொல்லவில்லை. சொல்லிக் கொடுத்தேனா என்று கேட்டார்கள். சொல்லிக் கொடுத்தது உண்மை.

தங்கபுஷ்பம் சுண்டல் தட்டோடு வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று எனக்குத் தெரியாது. சுண்டலில் உப்பு சரியாக இருந்தது.

மே 10, வெள்ளி

ஜன்னலருகே நிற்கும் எவரும் தம் பேச்சு என் காதில் விழும் என்று நினைப்பதில்லை. படுத்திருப்பவள் செவிடும் ஆகிவிட்டாள் என்று எண்ணம்.

தண்ணீர் பிடிக்க வந்த பெண்களின் பேச்சு: வியாகப்பனின் அக்கா கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். அண்ணன் முறையைக் கட்டினால் வீட்டில் கெட்டது நடக்கும் என்கிறாளாம். பந்தல்காரர் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். "டீச்சரம்மாவே சொல்லிட்டாவ" என்று ஒருத்தி சொன்னாள். "அவிய சொன்னா அது வேதம்."

என் பெயரை ஊர் மரியாதையாகச் சொல்கிறது. ஆனாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை. வெயில்தான் காரணம்.

மே 12, ஞாயிறு

இரண்டாம் ஓலை வாசித்தார்கள். பெயர்கள் முடிந்ததும் கோயிலுக்குள் ஒரு சலசலப்பு எழுந்து ஒலிபெருக்கியிலும் கேட்டது. சாமியார் மேசையைத் தட்டி "அமைதி, அமைதி" என்றார். இந்த ஊருக்குப் புதிதாக வந்த பங்குத்தந்தை, இளைஞர். கூட்டத்தை அடக்க மேசையைத் தட்டக் கூடாது. பேசாமல் நிற்க வேண்டும். நான் நடமாடினால் போய்ச் சொல்லிக் கொடுக்கலாம்.

ஜெரோமிடமிருந்து போன். தங்கபுஷ்பத்தின் கல்யாண விஷயம் யார் மூலமோ அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

"இல்லத்துல சொல்லி வச்சுரட்டுமா?"

"அவசரப்படாதே. அந்தக் கல்யாணம் நடக்கும் என்று தோணல."

சொன்ன பிறகுதான் தங்கபுஷ்பம் கட்டிலுக்குப் பின்னால் அலமாரி துடைத்துக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். அவள் துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு வந்து, அதே அலமாரியை மறுபடியும் துடைத்தாள்.

மே 14, செவ்வாய்

இன்று நேராகவே கேட்டாள். என் தலைமுடியைச் சிக்கெடுத்துப் பின்னிக்கொண்டிருந்தாள். முகம் பார்க்காமல் பேச அது வசதியான வேலை.

"யம்மா, நீங்க ஒரு வார்த்த சொன்னா ஊரு அடங்கிரும்."

"ஊரை அடக்குறது என் வேலை இல்ல. சாமியாரைக் கேளு."

"கேட்டுட்டேன். தடை ஒண்ணும் கெடையாது, தைரியமா கட்டுங்கன்னு சொல்லிட்டாரு. அவரு நேத்து வந்தவரு, நாளைக்குப் போயிருவாரு. அவரு சொன்னா இந்த ஊரு கேக்குமாம்மா? இங்க எல்லாரும் ஒங்ககிட்ட அடி வாங்குனவியதான். நானுந்தான்."

வகிட்டை நேராக எடு என்றேன். சீப்பு கொஞ்ச நேரம் நின்று பிறகு நகர்ந்தது.

"ஒங்களுக்கு நெசமாவே அது தடைன்னு தோணுதாம்மா? அப்பிடின்னா சொல்லிருங்க. நான் வேண்டாம்னு விட்டுருதேன். ஒங்க வாயால சொல்லுங்க."

தலை வலிக்கிறது என்றேன். உண்மையாகவே வலித்தது. அவள் இறுக்கிப் பின்னவில்லை; எப்போதும்போலத்தான் பின்னினாள்.

மே 16, வியாழன்

தங்கபுஷ்பம் தன் வேலையில் ஒரு குறையும் வைப்பதில்லை. மணி அடித்தால் வருகிறாள். கேட்டால் பதில் சொல்கிறாள். கீழத்தெருக் கதை, கிடாய்க் கதை எதுவும் இல்லை. வீடு அமைதியாக இருக்கிறது. எனக்கு இப்படித்தான் பிடிக்கும்.

மரியசெல்லத்தின் கிடாயை விற்றுவிட்டார்களா, கொட்டகை ஏன் காலியாக இருக்கிறது என்று நானே கேட்டேன்.

"தெரியலம்மா" என்றாள்.

அவளுக்குத் தெரியாமல் இருக்காது.

மே 17, வெள்ளி

கட்டு பாரமாக இருக்கிறது. ஜன்னல் கம்பியில் கன்னத்தை ஒட்டிப் பார்த்தேன். சிலுவை இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

மே 19, ஞாயிறு

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பூசையில் மூன்றாம் ஓலை வாசிக்கத் தொடங்கினார்கள். "தடை ஏதும் அறிந்தவர்கள்" என்ற இடத்தில் ஓர் ஆண் குரல் குறுக்கிட்டது. மைக்குக்குத் தள்ளி நின்று பேசியதால் சொற்கள் தெளிவாக இல்லை. "டீச்சரம்மா" என்பது மட்டும் கேட்டது. சாமியார் மேசையைத் தட்டவில்லை. பேசாமல் நின்றார் போலும். ஒலிபெருக்கியில் எதுவும் வரவில்லை. பிறகு அவர் குரல் வந்தது: "சரி. பூசை முடிந்ததும் டீச்சரிடமே போய்க் கேட்போம்."

மணியை எடுத்து ஆட்டினேன். தங்கபுஷ்பம் பூசையில் இருந்தாள் என்பதை மறந்துவிட்டேன். சால்வை நாற்காலியில் கிடந்தது, கைக்கு எட்டவில்லை. முடி கலைந்திருந்தது. இந்தக் கோலத்தில் பார்க்க ஊரே வரப்போகிறது என்று தெரிந்தும் கட்டிலில் கிடப்பதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய இயலவில்லை.

முதலில் வந்தவள் தங்கபுஷ்பம். ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது. என்னைத் தூக்கிச் சாய்த்தாள். முகத்தைத் துடைத்தாள். முடியைக் கோதி முடிந்தாள். சால்வையைத் தோளில் போட்டு, மடிப்பைச் சரிசெய்தாள். அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம்.

சாமியார், இன்னாசி, மரியசெல்லமும் அவள் கணவரும், இன்னும் பலர். வியாகப்பன் கடைசியாக வந்து சுவரோரம் நின்றான். நரைத்துவிட்டான்.

சாமியார் நாற்காலியில் உட்கார்ந்தார். நல்லவேளை, சுற்றி வளைக்கவில்லை.

"டீச்சர், பிள்ளையின் ஞானத்தகப்பன் அந்தப் பிள்ளையின் தாயைத் திருமணம் செய்யத் திருச்சபையில் தடை இருக்கிறதா?"

நேரான கேள்வி. இதற்கு முன்னால் யாரும் என்னிடம் அப்படிக் கேட்கவில்லை. என் மனதில் தடையாகத் தோன்றுகிறதா என்று தங்கபுஷ்பம் கேட்டது வேறு கேள்வி.

"இல்லை" என்றேன்.

"எப்ப இருந்து இல்ல?" என்றார் மரியசெல்லத்தின் கணவர்.

"எனக்குத் தெரிந்தே பல வருஷமாக இல்லை. நான் சொல்லிக் கொடுத்தது ஊர் வழக்கம். சட்டம் இல்லை."

மரியசெல்லத்தின் முகம் சிவந்துவிட்டது. "அன்னைக்கி மாதா வந்தப்பம் ஒங்கட்ட கேட்டேம்லா? அப்பம் ஏன் இதச் சொல்லல?"

"நீ கேட்டது நான் சொல்லிக் கொடுத்தேனா என்று."

"நல்லாருக்கே! ஊரெல்லாம் நானில்லா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்? இப்பம் நான் பொய்க்காரியா?"

சாமியார் எழுந்து, மூன்று ஓலையும் முறைப்படி வாசித்தாகிவிட்டது, புதன்கிழமை கல்யாணம், எல்லோரும் வரவேண்டும் என்றார். ஒவ்வொருவராகப் போனார்கள். மரியசெல்லம் என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போனாள். வகுப்பிலும் அவளுக்கு அந்த ஒழுக்கம் வந்ததில்லை.

வியாகப்பன் மட்டும் தயங்கி நின்றான். கட்டிலுக்குக் கிட்ட வந்து கைகூப்பினான்.

"ரொம்ப நன்றிம்மா. ஒங்க வாயால வந்ததே போதும். நாங்க ரெண்டு பேரும் முன்னாலயே பேசி வச்சிருந்தோம்மா. காலையில வண்டியில கொண்டாந்து இங்க விட்டுருதேன், பொழுது சாயக் கூட்டிட்டுப் போறேன்னு. ராவுல தொணைக்கு அவ சித்தி மவ வந்து படுக்கதா சொல்லிருந்தா. ஒங்கள விட்டுட்டு வரமாட்டேன்னுதான் இவ மொதல்லேயே—"

"அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்றாள் தங்கபுஷ்பம். அவள் குரல் உயரவில்லை. "விடுங்க. வண்டிய எடுங்க."

அவன் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், போய்விட்டான்.

தங்கபுஷ்பம் நாற்காலிகளை மடித்துச் சுவரோரம் சாய்த்தாள். கூட்டத்தில் யாரோ மிதித்திருந்த மண்ணைக் கூட்டினாள். பிறகு சொன்னாள்:

"செவ்வாக்கெழம சாயந்திரம் வரைக்கும் இருக்கேம்மா. ஜெரோம் தம்பிட்ட நீங்களே பேசிருதியளா, இல்ல நான் போன் போடட்டுமா?"

"நானே பேசிக்கொள்வேன்."

"சரிம்மா."

மத்தியானம் ரசம் வைத்தாள். மிளகு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. இருந்தாலும் முழுவதும் குடித்தேன்.

மே 20, திங்கள்

ஜெரோமிடம் பேசினேன். சனிக்கிழமை வேன் வரும். இது என் முடிவு என்றும் சொன்னேன். அங்கே தினமும் பூசை இருக்கிறது.

தங்கபுஷ்பத்தைக் கூப்பிட்டு அந்த ஏற்பாட்டைப் பற்றிக் கேட்கலாமா என்று நினைத்தேன். வண்டி ஏற்பாடு இன்னும் அப்படியே இருக்கிறதா என்று. மணியை எடுத்தேன். அவள் வந்ததும் தண்ணீர் கேட்டேன்.

மே 21, செவ்வாய்

பெட்டியில் வைக்க வேண்டியவற்றை எடுத்து வைத்துவிட்டாள். உள்பாடிகளைக்கூட இஸ்திரி போட்டிருந்தாள்.

கிணற்றடிக் கல்லைச் சுற்றித் தேய்க்கும் சத்தம் மாலை முழுவதும் கேட்டது. போகிறவள் அதை ஏன் தேய்க்க வேண்டும்? இனி அங்கே யார் வழுக்கி விழப் போகிறார்கள்?

மே 22, புதன்

கல்யாணப் பூசை ஒலிபெருக்கியில் வந்தது. "சம்மதமா?" என்று சாமியார் கேட்டதற்கு வியாகப்பன் கத்திச் சொன்னான், ஆட்கள் சிரித்தார்கள். தங்கபுஷ்பத்தின் குரல் தெளிவாகக் கேட்டது. வார்த்தைகளை விழுங்கவில்லை. என் வகுப்பில் படித்தவள்.

மரியசெல்லம் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கல்யாணத்துக்கு ஓடினாள். இப்போது அங்கே முதல் வரிசையில் நிற்பாள். என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பந்தி முடிந்து தங்கபுஷ்பம் வந்தாள். பச்சைப் பட்டு, தலையில் பூ. பல வருஷம் வெள்ளையும் சாம்பலுமாகப் பார்த்த உருவம். முழந்தாளிட்டுத் தலையை என் கைக்கு எட்டும்படி நீட்டினாள். பெரியவர்கள் நெற்றியில் சிலுவை போடுவது வழக்கம். வழக்கத்தை அவள் விடவில்லை. பெருவிரலால் போட்டேன். அவள் நெற்றி வியர்த்திருந்தது. விரலை உடனே எடுக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

"நல்லா இரு" என்றேன்.

"நீங்களும் நல்லா இருங்கம்மா."

வேறு ஏதோ சொல்ல வாய் திறந்தேன். "திரைச்சீலை கழற்றி மடிச்சு வச்சாச்சா?" என்று வந்தது.

"வச்சாச்சும்மா."

எழுந்தாள். கஞ்சிச் செம்பை எட்டும் இடத்துக்கு நகர்த்தினாள். தலைமாட்டில் இருந்த மணியை எடுத்து என் வலக்கைப் பக்கம் வைத்தாள்.

"கைக்கு எட்டுதா?"

"எட்டும்."

மொபெட் கிளம்பும் சத்தம் கேட்டது. மின்கம்பத்துக்கும் ஆட்டுக்கொட்டகைக்கும் நடுவில் பச்சைப் பட்டு ஒரு கணம் தெரிந்தது.

மே 24, வெள்ளி

காலையும் மாலையும் மரியசெல்லம் வந்து போகிறாள். கடமைக்குத்தான் வருகிறாள். கஞ்சியில் உப்பு அதிகம். சொல்லவில்லை.

நாளை வேன் வருகிறது. இல்லத்து அறையின் ஜன்னலிலிருந்து என்ன தெரியும் என்று ஜெரோமிடம் கேட்கத் தவறிவிட்டேன்.

மத்தியானம் ஊர் முழுவதும் அடங்கிக் கிடந்தது. மணியின் நாக்கு துரு ஏறாமல் இருக்கிறதா என்று பார்க்க ஒருமுறை ஆட்டினேன். நன்றாகத்தான் ஒலிக்கிறது. நிச்சயப்படுத்திக்கொள்ள இன்னொருமுறை ஆட்டினேன்.